நிறுத்தக் கற்ற நாள்

அறியாத வித்தையைக் கற்பது எளிது. அறிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கும் வித்தையைக் கற்பதே அரிது. முன்னதற்கு நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தாற் போதும். பின்னதற்கோ, ஆசிரியர் உள்ளே புகுமுன் அகந்தை வெளியேற வேண்டும். இவ்வுண்மையைப் பல ஆண்டுகளாக வகுப்பறையில் மாணாக்கர்க்கு நான் எடுத்துரைத்து வந்ததுண்டு. ஆயினும் அஃது என் உள்ளத்தில் உறைத்தது, ஸ்ரீபெரும்புதூருக்கு அணித்தாய இருங்காட்டுக்கோட்டை மோட்டார்ப் பந்தயக் களத்தின் ஓரத்தில், நீர் தெளித்த தார்த்தரையின்மேல், என் வண்டி நான்கு ரப்பர்க் கூம்புகளை இடித்து வீழ்த்திய அந்நாளிலேதான்.

நான் கார் ஓட்டத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கற்ற விதம் மிக எளியது. காலை வேளைகளில் அரைமணி வீதம் இருபது நாள் ஓட்டப் பழகினேன். பக்கத்தில் அமர்ந்திருந்தவர்க்குத் தனியே ஒரு பிரேக் இருந்தமையால், நான் செய்யத் தவறியதை எல்லாம் அவர் கால் செய்துவிடும். பின்னர் ஒருநாள், அதிகாரி முன்னிலையில் ஒரு பர்லாங்கு முன்னே சென்று, சிறிது பின்னே வந்து, லைசென்ஸ் பெற்றேன். அதன்பின் ஒருவரும் என்னைச் சோதித்ததில்லை. பதினெட்டு ஆண்டும் பெரிய விபத்தொன்றும் நேராதிருந்தமையை என் திறமைக்குச் சான்றாகக் கொண்டேன். அது பிறருடைய எச்சரிக்கையாலும் இறைவன் திருவருளாலும் விளைந்ததாக இருக்கலாம் என்னும் எண்ணம் எனக்கு உதித்ததே இல்லை.

காஞ்சிபுரத்தில் வாழும் என் தமக்கையாரைக் காணத் தாம்பரத்தினின்று மாதம் ஒருமுறையேனும் செல்வது என் வழக்கம். வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலையே எனக்கு உகந்த வழி. முன்னாளில் இருபுறமும் ஏரியும் வயலுமாய்க் கிடந்த நிலம் அது. 1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கம்பெனியார் கார் செய்யத் தொடங்கினர். 2010-ஆம் ஆண்டு ஒரகடத்தில் ரெனால்ட், நிஸ்ஸான் கம்பெனிகளின் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. அதனையடுத்து லாரி செய்வோரும், மோட்டார் சைக்கிள் செய்வோரும், டயர் செய்வோரும் அங்கு வந்து நிறைந்தனர். சாலை அகன்றது, ஆறு வண்டிகள் அணிவகுக்கும் அளவிற்கு அகன்றது. அகன்ற சாலை கண்டால் காலுக்கு ஆசை பிறப்பது இயல்பன்றோ?

2019-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னர், அச்சாலை வழியே காஞ்சிபுரம் சென்றுகொண்டிருந்தேன். தொழிற்சாலைகளில் ஷிப்டு மாறும் நேரம். சிறு தூறல் பெய்து ஓய்ந்திருந்தது. ஓரத்தில் நின்ற பேருந்தொன்றின் முன்புறத்திலிருந்து, நீலச் சட்டையணிந்த இளம்பெண் ஒருத்தி, கையில் டிபன் பாக்ஸுடன் சாலையைக் கடக்க விரைந்து வந்தாள். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிச் சென்று, அவளுக்கு ஒரு முழத் தொலைவில் நின்றது. அவள் மேல் படவில்லை. அச்சத்தால் அவள் கைநழுவிய டிபன் பாக்ஸ் தரையில் விழுந்து திறந்து, தயிர்ச்சோறு ஈரத் தாரின்மேல் சிந்திற்று.

அடுத்து நான் செய்ததனை எழுதவே நாணுகின்றேன். கீழிறங்கி, “கண் தெரியவில்லையா? இப்படியா குறுக்கே வந்து விழுவது?” என்று உரத்த குரலில் அவளைக் கடிந்தேன். என் மாணவியர் எவரினும் அவள் மூத்தவளாக இராள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஒரு கையாற் பற்றிக்கொண்டு, “தெரியாம வந்துட்டேன் சார், மன்னிச்சுக்குங்க” என்றாள். வெறும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்புறம் காத்திருந்த கம்பெனி வண்டியை நோக்கி ஓடினாள். நான் அவளை மன்னித்தவனாகவே வண்டியேறிச் சென்றேன். அன்று மாலை தமக்கையாரிடம் இந்நிகழ்ச்சியைக் கூறியபோதும், என் பிரேக்கின் சாமர்த்தியத்தையும் அப்பெண்ணின் கவனக்குறைவையுமே விரித்துரைத்தேன்.

ஆண்டுகள் சில சென்றன. என்னிடம் முன்னர்ப் பயின்று, இப்பொழுது ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் பொறியியலாளராயிருக்கும் அன்பர் ஒருவர், தாம் சேர்ந்திருக்கும் மோட்டார்ச் சங்கத்தார் நடத்தும் ஒருநாட் பயிற்சிக்கு என்னை அழைத்தார். காலையில் பாதுகாப்பாக ஓட்டும் முறை. மாலையில் பந்தயக் களத்தில் வண்டி செலுத்தும் பயிற்சி. “இளைஞர்கள் வேகத்திற்காகக் கூடும் இடத்தில் எனக்கென்ன வேலை?” என்றேன். அவர் நகைத்து, “ஐயா, அங்கே முதலில் சொல்லித் தருவது நிறுத்துவதைத்தான்” என்றார். அவருடைய அன்பிற்காக இசைந்தேனேயன்றிக் கற்பதற்கு ஏதேனும் இருக்குமென்று எண்ணிச் சென்றேனல்லேன்.

இருங்காட்டுக்கோட்டைக் களம் சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தாருடையது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளமாகிய சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திய அச்சங்கத்தார், பின்னர் இவ்விடத்தில் தமக்கெனவே களமமைத்து 1990-ஆம் ஆண்டு திறந்தனர். ஒருமுறை சுற்றிவரின் 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு திருப்பங்கள். 2005-ஆம் ஆண்டு பார்முலா ஒன் பந்தயத்தில் இந்தியர்களுள் முதல்வராக ஓடிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இளமையில் ஓடிப் பழகிய களங்களுள் இதுவும் ஒன்று. இத்தகைய இடத்தில் முதற்பாடமே வேகமாயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அன்று முதல் ஒருமணி நேரம், நாற்பதின்மர் நிழற்கொட்டகையில் நாற்காலிகளில் அமர்ந்து, அமர்வது எப்படி என்பதையே கற்றோம்!

எங்கள் ஆசிரியர் முன்னாளில் பந்தயம் ஓடியவர்; மென்மையாகப் பேசுபவர். இருக்கையிற் சாய்ந்து ஸ்டியரிங்கின் உச்சியில் கையை நீட்டினால் மணிக்கட்டு அதன்மேற் படிய வேண்டும். பிரேக்கை முழுதும் அழுத்திய பின்னும் முழங்கால் சிறிது மடங்கியிருக்க வேண்டும். கடிகாரத்தின் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் கைகள் நிற்க வேண்டும் என்றார். நானோ பதினெட்டு ஆண்டுகளாகச் சாய்வு நாற்காலியிற் கிடப்பவன்போல் அமர்ந்து, ஒரு கையால் ஓட்டி வந்தவன். பின்னர்ச் சீட் பெல்ட்டைக் காட்டி, தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிணிக்கும் இக்கச்சை 1959-ஆம் ஆண்டு ஸ்வீடன் தேசத்து வால்வோக் கம்பெனியில் நில்ஸ் போலின் என்பவரால் அமைக்கப்பெற்றதென்றும், அக்கம்பெனியார் அதனைப் பிறரும் தடையின்றிக் கையாள விட்டுக்கொடுத்தனரென்றும் கூறினார். பின் இருக்கையில் அமர்வோர்க்கும் அது வேண்டுமென்று வற்புறுத்தினார்.

அடுத்து அவர் ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் வண்டி தரையைத் தொடும் இடம் எவ்வளவு?” ஒருவரும் விடை பகர்ந்திலர். அவர் தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலமே தரையைப் பற்றுகின்றதாம். ஆயிரங் கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைச் செலுத்துவதும், திருப்புவதும், நிறுத்துவதும் அந்த நான்கு உள்ளங்கைகளே. முழுப் பிடிப்பையும் திருப்புவதற்கே செலவிட்டவனுக்கு நிறுத்துவதற்கென மிச்சம் இராது. தேய்ந்த டயரும், ஈரத்தரையும், குறைந்த காற்றும் அந்தச் சிறு செல்வத்தையும் சூறையாடுவன.

பின்னர்க் கரும்பலகையில் கணக்குப் போட்டார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 14 மீட்டர் செல்லும். கண் கண்டதைக் கருத்து உணர்ந்து, கால் செயலாற்றுமுன் ஏறக்குறைய ஒரு விநாடி கழியும். எனவே முதல் 14 மீட்டரும் பிரேக்கின்றியே கடந்து போவன. அதன்பின் உலர்ந்த நல்ல சாலையில் முழுவலியோடு பிரேக்கை அழுத்தினால், நிற்பதற்கு இன்னும் 14 மீட்டர் வேண்டும். ஆகத் தொகை 28 மீட்டர். வேகம் 100 ஆயின், காலத்தாழ்வினாற் செல்வது இருமடங்காகி 28 மீட்டர். ஆனால் பிரேக்கிட்ட பின் செல்வதோ நான்கு மடங்காகி 55 மீட்டர். ஆக 83 மீட்டர்!

இஃது இயற்பியல் பயின்ற எவரும் அறிந்ததே. ஆனால் அடுத்த கணக்கு என்னை அசைத்துவிட்டது. “சரியாக 28 மீட்டர் முன்னே ஒரு குழந்தை நிற்கின்றது. 50-இல் வந்தவர் அதனருகிற் சென்று நின்றுவிட்டார். அதே இடத்தில் 60-இல் வந்தவர் என்ன வேகத்தில் அக்குழந்தையை இடிப்பார்?” என்று வினவினார். பத்து என்றனர் சிலர். பதினைந்து என்றேன் நான். விடை 40. வேகமானியில் பத்துக் கிலோமீட்டர் கூடிற்று; குழந்தையின் மேலோ நாற்பது கிலோமீட்டர் மோதிற்று. காலத்தாழ்விலேயே 17 மீட்டர் கழிந்துவிடுவதால், நிறுத்துவதற்கு எஞ்சியது 11 மீட்டரே என்று விளக்கினார். கொட்டகையில் சற்று நேரம் பேச்சொலி எழவில்லை.

கணக்கு முடிந்து செயல் தொடங்கிற்று. களத்தை அடுத்த வெளியில் கூம்புகளை வரிசையாக நட்டு, அவற்றினிடையே வளைந்து வளைந்து செல்லச் செய்தனர். பின்னர் உலர்ந்த தரையில் பிரேக்கிடும் பயிற்சி. இறுதியில், லாரித் தண்ணீர் கொண்டு நனைத்த தரையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கொடி அசைந்ததும் முழுவலியோடு பிரேக்கை மிதித்து, எதிரே நிறுத்திய கூம்புகளைத் தவிர்த்து வலப்புறம் விலக வேண்டும். என் முறை வந்தது. பக்கத்தில் ஆசிரியர் அமர்ந்தார். இப்போது அவர் காலடியில் தனிப் பிரேக் இல்லை.

கொடி அசைந்தது. மிதித்தேன். காலின் கீழ்ப் பிரேக் கடகடவென அதிர்ந்தது. ஏதோ முறிந்ததென அஞ்சிக் காலைச் சிறிது தளர்த்தினேன். கூம்புகள் பெரியனவாகத் தோன்றின. அவற்றையன்றி வேறொன்றும் என் கண்ணிற் படவில்லை. நான்கு கூம்புகளும் வண்டியின் கீழ்ச் சென்றன.

ஆசிரியர் கடிந்தாரல்லர். “சார், மூன்று விஷயம். அந்த அதிர்ச்சி பழுதன்று. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி ஏ.பி.எஸ். வேலை செய்யும் ஓசை. அப்பொழுதுதான் இன்னும் அழுத்த வேண்டும், நீங்கள் விட்டுவிட்டீர்கள். இரண்டாவது, கூம்பையே பார்த்தீர்கள். கண் போன வழியே கை போயிற்று. தப்பும் வழியைப் பார்த்தால் வண்டி அங்கே போகும். மூன்றாவது, கொடி அசையும் என்று தெரிந்தும் தவறினீர்கள். சாலையில் யாரும் கொடி அசைக்கமாட்டார்கள்” என்றார்.

அம்மூன்றாவது சொல் என் நெஞ்சில் தைத்தது. அந்த நொடியில் என் கண்முன் நின்றவை கூம்புகளல்ல. நீலச் சட்டையணிந்த அப்பெண்ணே நின்றாள். அன்றும் தரை ஈரம். அன்றும் கால் அதிர்ந்தது. அன்றும் விட்டு மிதித்தேன். அன்றும் அவளையே வெறித்து நோக்கினேன். அன்று வேகம் 60-உம் அன்று, 70-க்கும் மேல். நின்ற பேருந்தின் பின்னிருந்து மக்கள் வெளிப்படுவர் என்பதையும், மூன்று மணி ஷிப்டு மாறும் நேரம் என்பதையும் அவ்வழியே நூறுமுறை சென்ற நான் அறியாதவனல்லேன். அவளை உயிரோடு விட்டது என் சாமர்த்தியமன்று. அவள் ஓரடி பின்வாங்கினாள், அவ்வளவே. தானே தன் உயிரைக் காத்துக்கொண்டவளிடம் நான் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு வந்திருக்கின்றேன்!

அன்று அப்பயிற்சியை ஐந்துமுறை செய்தேன். நான்காம் முறைதான் கூம்பு வீழாமல் விலகினேன்.

மாலையில் களத்தினுள் அழைத்துச் சென்றனர். தலைக்கவசம் அணிந்து, முன்னே செல்லும் ஆசிரியரின் வண்டியைப் பின்பற்றி, வரிசை மாறாது சுற்றினோம். மஞ்சட்கொடி கண்டால் அபாயம், முந்தலாகாது. செங்கொடி கண்டால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நீலக்கொடி கண்டால் விரைந்து வருபவர் பின்னே உளர். கட்டமிட்ட கொடி முடிவு. நேர்ச்சாலையிலேயே பிரேக்கிட்டு வேகந் தணித்து, பின்னரே திருப்பத்தினுட் புகுந்து, வெளிவரும்போதே விரைய வேண்டும் என்பது அங்கு விதி. பொறுமையற்று விரைந்து புகுந்தவன் விரிந்தோடி, வெளிவருகையில் பின்தங்குகின்றான். வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் நிதானத்தையே முதற்கருவியாகக் கொண்டிருப்பதை அன்று கண்டு வியந்தேன்.

மற்றொன்றும் கண்டேன். அக்களத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையிற் செல்லும். ஆடு மாடு இல்லை, குழந்தை இல்லை. திருப்பந்தோறும் காவலர் நிற்பர். மருத்துவ வண்டி காத்திருக்கும். இத்துணைக் காப்பும் இருக்க, அங்கே கைநடுங்க ஓட்டினேன். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஒரகடத்துச் சாலையில், ஒரு கையால் ஓட்டி வந்தேன். இதனினும் மடமை வேறு உண்டோ?

திருவாரூர் மநுநீதிச் சோழன் கதையை நாம் சிறுவர்க்குக் கூறுகின்றோம். இளவரசனின் தேர்க்காலிற் கன்றொன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. நிகழ்ந்ததை மன்னனுக்கு உரைத்த அமைச்சர், அரசிளங்குமரன் தேரிற் செல்லுங்கால் இளங்கன்று தானே தேர்க்காலின் இடையே புகுந்து இறந்ததாகக் கூறினார். மன்னன் அவ்வுரையில் அமைதி காணவில்லை. நாம் மன்னனது நீதியைப் போற்றுகின்றோம்; ஆயினும் சாலையில் நாம் பேசுவது அமைச்சரின் பேச்சையே. “குறுக்கே வந்தான்,” “குறுக்கே வந்தாள்,” “குறுக்கே விழுந்தது” — வண்டியோட்டும் நம் அனைவர்க்கும் பொதுவான வாக்கியம் இது. 1896-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் மாது மோட்டார் வண்டியால் அடிபட்டு இறந்தபோது, விசாரித்தோர் அதனைத் தற்செயல் மரணம் என்று முடித்தனர். அன்றுமுதல் எத்தனை உயிர்கள் ‘தற்செயல்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கஞ் செய்யப்பெற்றன! 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் காலால் நடந்து சென்றவர். இம்மரணங்களிற் பெரும்பாலனவற்றிற்கு மிகுவேகமே காரணமென்று அரசாங்கத்தாரின் கணக்கே கூறுகின்றது.

சிந்தித்துப் பார்க்குமிடத்து, குறுக்கே வந்தவர் யார்? ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊரார் ஏரிக்கரைக்கும் வயலுக்கும் கோயிலுக்குமாகத் தலைமுறை தலைமுறையாகக் கடந்த நிலத்தின் நடுவே, ஆறு வண்டி அகலத்தில் சாலை வந்தது. அச்சாலையில் நான் வந்தேன். அப்பெண் தன் வழியே நடந்தாள். குறுக்கே வந்தவன் நானே.

ஒரகடத்தில் வண்டிகளைச் சோதிப்பதற்கென்றே தனித் தடங்கள் அமைந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்று உளது. அங்கே, புதிய வண்டியின் பிரேக்கையும் பிடிப்பையும் மீண்டும் மீண்டும் சோதித்த பின்னரே வெளிவிடுகின்றனர். அவ்வண்டியைக் கையேற்கும் மனிதனையோ சில நிமிஷங்களிற் சோதித்து, ஆயுட்காலத்திற் பெரும்பகுதிக்கு விட்டுவிடுகின்றோம். யந்திரத்திற்குக் காட்டும் சிரத்தையிற் பத்திலொரு பங்கேனும் மனிதனுக்குக் காட்டலாகாதா? நம் கல்லூரி போன்ற கலாசாலைகள் மாணாக்கர்க்கு ஆண்டில் ஒருநாளேனும் இத்தகைய பயிற்சிக்கு வழிசெய்தல் நன்று. பந்தயக் களம் வேண்டுவதில்லை. ஒரு வெறுவெளியும், சில கூம்புகளும், ஒரு லாரித் தண்ணீரும், தன் பிழையைத் தான் காண நாணாத மனமும் இருந்தாற் போதும்.

மாலை ஆறு மணிக்கு விடைபெற்று, ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வந்தேன். தொழிற்சாலை வாயில்களில் விளக்குகள் எரிந்தன. அன்று நின்ற அதே இடத்தில் பேருந்தொன்று நின்றது. நெடுந்தொலைவிலேயே காலை எடுத்து, ஆள் நடக்கும் வேகத்திற்குத் தணித்தேன். பின்னிருந்தவர் ஹாரன் அடித்தார், அடிக்கட்டும் என்றிருந்தேன். நீலச் சட்டையணிந்த பெண்கள் நால்வர் சாலையைக் கடந்தனர். அவர்களுள் அவள் இருந்தாளோ, நான் அறியேன். அவள் முகமே எனக்கு நினைவில்லை. கடிந்து பேசிய நேரத்தில் நான் அதை நோக்கவே இல்லை. கடைசியாகச் சென்றவள், வண்டி நின்றமைக்கு நன்றி கூறுவாள்போல் ஒரு கையைச் சிறிது உயர்த்திச் சென்றாள்.

அந்நன்றிக்கு நான் உரியவனல்லேன். அது நான் செலுத்த வேண்டிய பழைய கடன். அப்பெண்ணைக் கண்டு மன்னிப்புக் கேட்க இயலாதாயினும், சாலையைக் கடக்கும் ஒவ்வொருவர்க்கும் நின்று அக்கடனைச் சிறிது சிறிதாகச் செலுத்தி வருகின்றேன். இதனைப் படிக்கும் இளைஞர்காள், நீங்கள் வண்டி ஓட்டக் கற்பீர்கள், விரைந்தோட்டவும் கற்பீர்கள். அவற்றை எவரும் கற்பிப்பர். நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வழியில் ஒருவர் எதிர்ப்படின், அவர் குறுக்கே வந்தார் என்று கூறுமுன், அவர் வழியில் நாம் குறுக்கிட்டோமோ என ஒருகணம் நினைந்து பாருங்கள்.